பத்து என்றால் பதினெட்டு

அமெரிக்காவில் ‘பிக் டென்’ என்று ஒரு கல்லூரி விளையாட்டுக் கூட்டணி இருக்கிறது. உறுப்பினர்கள் 18. ‘பிக் 12’ என்று இன்னொன்று, அதில் 16. அட்லாண்டிக் கரைக் கூட்டணியான ஏசிசியில் பசிபிக் கரையிலிருந்து இரண்டு பேர், கடலே எட்டாத டல்லஸிலிருந்து ஒருவர். 2024-இல் ‘பேக்-12’ என்ற பெயரில் களம் இறங்கியவை மொத்தம் இரண்டே அணிகள். இத்தனைக்கும் இவற்றை நடத்துவது பல்கலைக்கழகங்கள். எல்லாவற்றிலும் கணக்குப் பாடம் நடக்கிறது. சிலவற்றில் நோபல் பரிசுக்காரர்களே பேராசிரியர்கள்.

விளையாட்டு ஃபுட்பால். ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க வகை. கல்லூரிப் பையன்கள் ஆடுவதுதானே என்று சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் உட்காரவும் செய்கிறார்கள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் ஆளுநருக்கு அல்ல, ஃபுட்பால் கோச்சுக்கு. பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்வதற்காக ஏற்பட்டவைதான் இந்தக் கூட்டணிகள். பிற்பாடு டிவிப் பணத்தைப் பங்கு பிரிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. அதோடு ‘பக்கத்துப் பக்கத்து’ என்ற நிபந்தனை காலாவதியானது.

ஒரு கல்லூரி கூட்டணி விட்டுக் கூட்டணி தாவும்போதெல்லாம் “நூறு வருஷப் பாரம்பரியம் போச்சே” என்று அங்கே ஓர் ஒப்பாரி கிளம்பும். தாவியவர்களும் கூடச் சேர்ந்து அழுவார்கள். எனவே அந்தப் பாரம்பரியத்தின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் சில சகாக்களை சிகாகோவுக்கு அழைத்தார். ஃபுட்பால் கட்டுமீறிப் போகிறது, ஆடுபவன் குறைந்தபட்சம் அந்தக் கல்லூரியில் படிப்பவனாகவாவது இருக்க வேண்டாமா என்பது கவலை. அடுத்த வருஷம் ஏழு கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. அதிகாரபூர்வப் பெயர், பேராசிரியர் பிரதிநிதிகளின் மாநாடு என்று முடியும் ஒரு நீளமான வாசகம். ஃபுட்பாலைப் பேராசிரியர்கள் அடக்கியாள்வதாக ஏற்பாடு. யார் யாரை அடக்கினார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்த ஏழில் ஒன்று சிகாகோ பல்கலைக்கழகம். சும்மா பேருக்குச் சேர்ந்த கல்லூரி அல்ல. ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற கோச் அங்கே நாற்பது வருஷம் கொடிகட்டிப் பறந்தார். கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை 1935-இல் முதன்முதலாக வாங்கியவரும் சிகாகோ மாணவர்தான், ஜே பெர்வாங்கர். நான்கே வருஷத்தில் தலைகீழ். 1939-இல் மிச்சிகனிடம் 85-0 என்று உதை வாங்கினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸுக்கு விளையாட்டின் மேல் ஏற்கெனவே மரியாதை கிடையாது. அந்த வருஷக் கடைசியில் ஃபுட்பாலையே கலைத்துவிட்டார். காலியாகக் கிடந்த ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டினார். ஃபுட்பாலை விட்ட கல்லூரிக்கு உருப்படியாக வேறு வேலை கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. மற்ற கல்லூரிகள் எதுவும் இதைப் படிப்பினையாக எடுத்துக்கொள்ளவில்லை.

1946-இல் சிகாகோ கூட்டணியிலிருந்தும் விலகியது. அதற்குள் ஏழிலிருந்து பத்தாகியிருந்த கூட்டணி ஒன்பதானது, பிறகு மிச்சிகன் ஸ்டேட் வந்து மறுபடி பத்தானது. மக்கள் வாயில் புழங்கிய ‘பிக் டென்’ என்ற பெயரைச் சட்டப்படி பதிந்தது 1987-இல்தான். நிதானமான ஆட்கள், தொண்ணூறு வருஷம் யோசித்து எண்ணைப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றே வருஷத்தில் பென் ஸ்டேட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். பதினொன்று! பெயரை மாற்றினால் மானம் போய்விடும் என்று, சின்னத்தில் எழுத்துகளுக்கு இடையிலான வெற்றிடத்தில் 11 என்ற எண்ணை ஒளித்து வைத்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் யாருக்கும் கேட்கக் கூடாது.

தெற்கே நடந்தது வேறு விதம். அங்கே எஸ்இசி என்ற கூட்டணியே ஒரு தாவலில் பிறந்தது. 1932-இல் பழைய சதர்ன் கூட்டணியைக் கழற்றிவிட்டு 13 பேர் பெட்டியைக் கட்டினார்கள். அதில் செவானி என்று டென்னசி மலைமேல் ஒரு சின்னக் கல்லூரி. 1899-இல் ரயிலேறிப் போய் ஆறே நாளில் டெக்சாஸ், டெக்சாஸ் ஏ&எம், டுலேன், எல்எஸ்யூ, ஓல் மிஸ் என்று ஐந்து பேரை, ஒருவரையும் ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல், வரிசையாக அடித்துப் போட்டுவிட்டு வந்த கல்லூரி அது. எஸ்இசியில் சேர்ந்தபின் 37 ஆட்டம் ஆடியது. முப்பத்தேழிலும் தோல்வி. 1940-இல் வணக்கம் சொல்லிவிட்டு வெளியேறியது. அந்தக் காலத்தில் கூட்டணியை விட்டுப் போவதற்கு இப்படி நியாயமான காரணங்கள் இருந்தன.

எல்லாம் கெட்டது 1984-இல். அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை என்சிஏஏ என்ற தலைமை அமைப்பே முடிவு செய்தது. எவ்வளவு பெரிய அணியானாலும் இரண்டு வருஷத்தில் ஆறு முறைக்கு மேல் திரையில் தலைகாட்ட முடியாது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-2 என்று என்சிஏஏவின் பிடியை உடைத்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஃபுட்பால் நட்சத்திரம். இந்தப் பயல்கள் கையில் டிவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் அனுபவபூர்வமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சட்டத்தைப் பார்த்தார்கள்.

இதில் வேடிக்கை, தீர்ப்பு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தை விற்கக் கிளம்பினார்கள். சரக்கு குவிந்து விலை விழுந்தது. தனியாக விற்றால் முதலுக்கே மோசம், கூட்டமாக விற்றால்தான் காசு என்று அப்போதுதான் உறைத்தது. எந்தக் கூட்டத்தில் நிற்பது என்ற கேள்வி அங்கிருந்து ஆரம்பம்.

எஸ்இசியின் ஆணையர் ராய் கிரேமர் விதிப்புத்தகத்தை ஊன்றிப் படிக்கிற ஆள். பன்னிரண்டு பேர் இருந்தால் கூட்டணியை இரண்டாகப் பிரித்து, கடைசியில் கூடுதலாக ஓர் இறுதி ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு மூலையில் இருந்தது. அப்போது பத்துப் பேர் மட்டுமே வைத்திருந்த கிரேமர் ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் பிடித்தார். 1992 டிசம்பரில் பர்மிங்காமில் முதல் இறுதி ஆட்டம். அலபாமா ஃப்ளோரிடாவை 28-21 என்று வென்றது. டிவிக்காரர்கள் வாயெல்லாம் பல். அன்றிலிருந்து பன்னிரண்டு ராசி எண்.

ஆர்கன்சா கிளம்பிய இடத்தில்தான் பரிதாபம். அது விட்டுவந்த சவுத்வெஸ்ட் கூட்டணியில் மிச்சம் எட்டும் டெக்சாஸ் கல்லூரிகள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எல்லோரும் எல்லோரையும் போட்டுக்கொடுத்தவர்கள். வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்ததாக எண்பதுகளில் பாதிக்கு மேல் தண்டனை வாங்கின. அதிலும் டல்லஸின் எஸ்எம்யூவுக்கு 1987-இல் கிடைத்ததை அங்கே ‘மரண தண்டனை’ என்றே சொல்வார்கள்: அந்த வருஷம் ஆட்டமே கிடையாது. பிடிபட்ட பிறகும் பட்டுவாடாவைத் தொடர ஒப்புக்கொண்டவர் கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவர் பில் கிளமென்ட்ஸ். அதை அவர் வெளியில் சொன்னபோது மாநில ஆளுநராக இருந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, பையன்களுக்குப் பாக்கி வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

1994-இல் டெக்சாஸும் ஏ&எம்மும் வடக்கே பிக் எய்ட்டோடு சேர்ந்து புதுக் கூட்டணி காண முடிவு செய்தன. எட்டும் இரண்டும் பத்து. அங்கே குறுக்கே வந்தது அரசியல். மாநிலத் துணை ஆளுநர் பாப் புல்லக், டெக்சாஸ் டெக்கில் பட்டமும் பேலரில் சட்டமும் படித்தவர். மாநில பட்ஜெட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என் இரண்டு கல்லூரிகளையும் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் உங்கள் நிதி ஒதுக்கீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் பேசியதாகச் சொல்வார்கள். ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸும் பேலர் பட்டதாரி. அவர் வாய் திறந்தாரா இல்லையா என்று இன்றும் தகராறு உண்டு. எது எப்படியோ, இரண்டு நான்காகி ‘பிக் 12’ பிறந்தது. ஒரு பெயருக்கும் எண்ணிக்கைக்கும் பொருத்தம் இருந்த அபூர்வமான காலம் அது. பதினைந்து வருஷம் தாங்கியது.

சட்டசபையில் செல்வாக்கில்லாத எஸ்எம்யூ, டிசியூ, ரைஸ், ஹூஸ்டன் நான்கும் நடுத்தெருவில். டிசியூ அதன்பின் அலைந்த அலைச்சலைத் தனிப் புத்தகமாக எழுதலாம். டபிள்யூஏசி, அங்கிருந்து கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ, அங்கிருந்து மவுன்டன் வெஸ்ட், பிறகு 2010-இல் ‘பிக் ஈஸ்ட்’ கூப்பிட்டதும் சரியென்றது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரம் கிழக்கா என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடாமல் மனம் மாறி, கடைசியில் பதினாறு வருஷம் கழித்து பிக் 12-க்கே வந்து சேர்ந்தது. டிசியூவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; பசிபிக் கரையின் சான் டியேகோ ஸ்டேட்டும் கொஞ்ச நாள் பிக் ஈஸ்ட்டுக்கு வருவதாகத்தான் இருந்தது.

பிக் 12-இன் நிம்மதி கெட்டதற்குக் காரணம் பணம்தான் என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நெப்ராஸ்காக்காரர்களைக் கேட்டால் ஒரு விநாடி என்பார்கள். 2009 டிசம்பர் 5, கூட்டணியின் இறுதி ஆட்டம். நெப்ராஸ்கா 12, டெக்சாஸ் 10. டெக்சாஸின் கோல்ட் மெக்காய் பந்தை வெளியே வீசுகிறார், கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டுகிறது, நெப்ராஸ்கா ஆட்கள் துள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறார்கள். நடுவர்கள் வீடியோவைப் பார்த்து, பந்து வெளியே பட்டபோது ஒரு விநாடி பாக்கி இருந்தது என்று கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். அந்த ஒரு விநாடியில் 46 யார்டிலிருந்து உதை, 13-12, டெக்சாஸ் வெற்றி. அடுத்த ஜூனில் நெப்ராஸ்கா பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. ரோஷம் நல்லதுதான். ஆனால் போன இடத்தில் இன்றுவரை ஃபுட்பாலில் ஒரு கூட்டணிப் பட்டமும் கிடைக்கவில்லை.

கொலராடோவும் கிளம்பிவிட, 2011-இல் பிக் டென்னில் பன்னிரண்டு பேர், பிக் 12-இல் பத்துப் பேர். இரண்டு பேரும் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு செலவும் இல்லாமல் எல்லாம் நேராகியிருக்கும். அதற்குப் பதில் பிக் டென், தன் இரண்டு பிரிவுகளுக்கும் ‘லெஜன்ட்ஸ்’, ‘லீடர்ஸ்’ என்று பெயர் வைத்தது. எந்த அணி எதில் என்று ரசிகர்களுக்குப் பிடிபடவே இல்லை. மூன்று சீசனில் தூக்கிப் போட்டார்கள்.

டெக்சாஸைத் தக்கவைக்க அதற்கென்றே தனி டிவி சேனல் வந்தது: இஎஸ்பிஎன் தயவில் 20 வருஷத்துக்கு 30 கோடி டாலர். இதைப் பார்த்து வயிறெரிந்த ஏ&எம், அண்ணன் நிழலே வேண்டாம் என்று எஸ்இசிக்குக் கம்பி நீட்டத் தயாரானது. வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று முட்டுக்கட்டை போட்டது பேலர். பேலரின் தலைவர் அப்போது கென் ஸ்டார். பில் கிளின்டனை உலுக்கிய அதே வழக்கறிஞர். வெள்ளை மாளிகையைப் பார்த்தவருக்கு இதெல்லாம் ஒரு வழக்கா? ஆனாலும் ஏ&எம் போய்விட்டது, கூடவே மிசோரியும். மேற்கே கிடக்கும் மிசோரியை எஸ்இசி தன் கிழக்குப் பிரிவில் போட்டது.

பிக் டென் ரட்கர்ஸைச் சேர்த்துக்கொண்ட காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 1869-இல் நடந்த முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் பிரின்ஸ்டனை 6-4 என்று ஜெயித்த கல்லூரி அது. அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ரட்கர்ஸ் இருப்பது நியூயார்க்குக்குப் பக்கத்தில். அந்தப் பகுதியில் ரட்கர்ஸ் தோற்பதைப் பார்க்க யாருக்கும் ஆர்வமில்லை என்றாலும், பிக் டென்னின் சொந்த சேனல் கேபிளில் ஏறினால் போதும். பார்க்கிறவன், பார்க்காதவன் எல்லோருடைய மாத பில்லிலும் காசு விழும். வாஷிங்டன் நகர வீடுகளுக்காக மேரிலாண்டும் இதே கணக்கில் உள்ளே வந்தது.

இந்தத் தாவல்களில் சேராத பல்கலைக்கழகம் ஒன்றும் உண்டு, நோட்ர டேம். கேட்டால் நாங்கள் சுதந்திரமானவர்கள் என்பார்கள். ஃபுட்பாலில் தனி, கூடைப்பந்தில் ஏசிசி, ஐஸ் ஹாக்கியில் பிக் டென். 2020 பெருந்தொற்றின்போது எதிராளி கிடைக்காமல் போகும் என்ற பயத்தில் ஒரே ஒரு சீசன் ஃபுட்பாலுக்கும் ஏசிசியில் தங்கினார்கள். இறுதி ஆட்டம்வரை போய்விட்டு, சீசன் முடிந்ததும் சுதந்திரம் திரும்பியது.

2021 ஜூலை 21. அலபாமாவின் ஹூவரில் எஸ்இசியின் பத்திரிகையாளர் சந்திப்பு. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்கு வர நடை போடுகின்றன என்று ஹூஸ்டன் கிரானிக்கிள் செய்தி வெடித்தது. ஏ&எம் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். யாரிடமிருந்து தப்பிக்க வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தார்களோ அவர்களே எதிர்வீட்டுக்குக் குடிவருகிறார்கள். குதித்தார்கள், கொதித்தார்கள். எட்டாம் நாள் வாக்கெடுப்பு: 14-0. ஏ&எம்மும் ஆதரவு. 1984 தீர்ப்பை வாங்கிக்கொடுத்து இதையெல்லாம் தொடங்கிவைத்த ஓக்லஹோமாவும் சேர, எஸ்இசி பதினாறானது.

மிரண்டுபோன பிக் டென், ஏசிசி, பேக்-12 மூன்றும் அடுத்த மாதமே ‘அலையன்ஸ்’ கண்டன. 41 பல்கலைக்கழகங்கள், ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதில்லை என்ற புரிதல். ஒப்பந்தம் எங்கே என்று நிருபர்கள் கேட்டார்கள். கையெழுத்தெல்லாம் எதற்கு, நம்பிக்கைதான் பெரிது என்றார்கள் ஆணையர்கள். 41 இடத்திலும் கல்விமான்கள், அவற்றில் பலவற்றில் சட்டக் கல்லூரி வேறு. ஒருவருக்கும் ஒரு வரி எழுதி வாங்கத் தோன்றவில்லை. 2022 ஜூன் 30 அன்று பேக்-12-இன் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகள் இரண்டையும், யூஎஸ்சி, யூசிஎல்ஏ, பிக் டென் கொத்திக்கொண்டு போனது. நம்பிக்கை பத்து மாதம் உயிரோடு இருந்திருக்கிறது.

பேக்-12 புதிய டிவி ஒப்பந்தம் தேடி ஒரு வருஷம் அலைந்தது. கிடைத்தது ஆப்பிள் நிறுவனத்தின் சந்தா ஒளிபரப்பு. 2023 ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை கூடிக் கையெழுத்திடுவார்கள் என்று எதிர்பார்ப்பு. அன்றைக்கு ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென் பக்கம் சாய்ந்தன. பொழுது சாய்வதற்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 பக்கம். ஒரே நாளில் ஐந்து பேர். 1915-இல் முளைத்த மரம், முன்பே கழன்றவர்களும் போக மிச்சம் நான்கு கிளை.

அதில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் தஞ்சம். கூடவே எஸ்எம்யூ. ஒன்பது வருஷத்துக்கு ஏசிசியின் டிவிப் பணத்தில் எங்களுக்குப் பங்கே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்றது. ஆடுபவனுக்குக் காசு கொடுத்ததற்காகத் தூக்கில் தொங்கிய அதே கல்லூரி, காசு வாங்காமல் ஆட வரிசையில் நின்றது. முதல் வருஷமே இறுதி ஆட்டத்துக்கும் போய்விட்டது, அது வேறு விஷயம்.

யூசிஎல்ஏவும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள். அக்காவைத் தனியே விட்டுப் போனதற்காக யூசிஎல்ஏ வருஷத்துக்கு ஒரு கோடி டாலர், மூன்று வருஷம் தர வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்ப்புச் சொன்னது. ஊர் அதற்கு ஜீவனாம்சம் என்றே பெயர் வைத்துவிட்டது. இதற்கிடையில் வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு மூன்று நேர மண்டலம் தாண்டிப் பறந்து, ஆடி, திரும்பி, மறுநாள் வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபடுகிறார்கள். ஃபுட்பால் அணி வாரம் ஒருமுறைதான் ஆடும். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களைக் கேட்டு எதுவும் முடிவாகவில்லை.

கடைசியாக நின்றவர்கள் ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். பெரிய நகரம் இல்லை, கேபிள் வீடுகள் இல்லை, எனவே மாப்பிள்ளை வரவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். ஓடுகிறேன் என்று சொன்னவனுக்கு ஓட்டு கிடையாது என்று வாதாடி ஜெயித்தார்கள். பெயர், சின்னம், கஜானா எல்லாம் இரண்டு பேர் கையில். விதிப்படி மொத்தம் எட்டு பேராக இரண்டு வருஷம் தவணை.

அதுவரை ஆட எதிராளி வேண்டுமே என்று மவுன்டன் வெஸ்ட் கூட்டணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மவுன்டன் வெஸ்ட் விவரமான ஆள். எங்கள் ஆட்களை இழுத்தால் தலைக்கு ஒரு கோடி டாலரில் தொடங்கி அபராதம் என்று எழுதியே வாங்கிக்கொண்டது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். 2024 செப்டம்பரில் அதே மவுன்டன் வெஸ்ட்டிலிருந்து ஐந்து பேரை இழுத்தார்கள். அபராதம் கேட்டபோது, இப்படி ஆள் இழுப்பதைத் தடுப்பது சுதந்திரமான போட்டிக்கு விரோதம் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். அடுத்து சேர்ந்தது கொன்சாகா. அங்கே 1941-க்குப் பிறகு ஃபுட்பால் அணியே கிடையாது. எட்டாவது ஃபுட்பால் அணியை டெக்சாஸின் சான் மார்க்கோஸ் வரை போய்ப் பிடித்தார்கள்.

மவுன்டன் வெஸ்ட்டும் சும்மா இருக்கவில்லை. காலியிடத்துக்கு ஃபுட்பாலுக்காக மட்டும் நார்தர்ன் இல்லினாயைச் சேர்த்துக்கொண்டது. சிகாகோவிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில், டிகால்ப் என்ற ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளக்காடு; மேடு என்று ஒன்று வேண்டுமானால் மைதானத்துப் படிக்கட்டில்தான் ஏற வேண்டும்.